சங்கும் சேகரிப்பும்

சமயச் சடங்கிற்கென அமைந்த பொருளொன்று சேகரிப்போர் கைக்கு மாறுங்கால் அதன் மதிப்பு எதனால் அளக்கப்படுகின்றது என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். யாழ்ப்பாணத்தார்க்கு இதனைத் தெளிவுறுத்தவல்ல பொருள் சங்கு.

குருநகர்க் கரையைத் தழுவிக் கிடக்கும் கடனீரேரியும், பாக்கு நீரிணையும், மன்னார் வளைகுடாவும் சங்கு விளையும் இடங்கள். சங்கு வாணிகம் அரசுக்கு வருவாய் ஈட்டித் தந்தமையின், ஆங்கிலேயர் 1890ஆம் ஆண்டில் இலங்கையிற் சங்கு குளித்தலுக்கெனத் தனிச்சட்டம் இயற்றினர். கடனீரேரிச் சேற்றிற் புதைந்த பழஞ்சங்குகளும் தோண்டி எடுக்கப்பட்டன. இவ்வாறு பெற்ற சங்குகள் வங்காளத்துக்குச் சென்று, டாக்கா வினைஞரால் வளையல்களாக அறுக்கப்பட்டன. இச்செய்திகளை விரிவாகத் தொகுத்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பாரின் சங்கு பற்றிய நூல் 1914இல் வெளிவந்தது.

பூசைக்குரிய சங்கினை உயிரியலார் டர்பினெல்லா பைரம் என்பர். அவற்றுட் பெரும்பாலன இடம்புரி. வலம்புரி மிக அரிது. வலம்புரியை உயிரியலார் இடப்புறச் சுருளுடையது என்று கூறுதல் முரணன்று. அவர் சுருள்முனையை மேலாக வைத்து நோக்குவர். அப்போது வாய் இடப்புறம் அமையும். நம்மவர் வால்முனையை மேலாக வைத்து நோக்குவர். அப்போது அதே வாய் வலப்புறம் அமையும்.

அருமை விலையை ஏற்றும். ஏறிய விலை போலியைப் பிறப்பிக்கும். அமெரிக்க அத்திலாந்திக் கரையில் வாழும் வேறோர் இனச் சங்கு இயல்பாகவே வலம்புரியாய்ச் சுருளும். அது வலம்புரியென விற்கப்படுவதுண்டு. வாயினுள்ளே நடுத்தண்டை நோக்குக: மெய்யான சங்கில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் தெளிவாய்த் தோன்றும், அமெரிக்கச் சங்கில் அவை இல்லை.

இந்நிலை சங்கிற்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவிற் சூ எனப்படும் தொல்குடியினர், மினசோட்டாவிலுள்ள பைப்ஸ்டோன் என்னுமிடத்துச் செங்கல்லைச் செதுக்கிச் சடங்குப் புகைக்குழல் செய்வர். கற்கிண்ணத்தையும் மரத்தண்டையும் வேறுவேறாகப் பேணி, வழிபாட்டின்போதே பொருத்துவர். எழும் புகை வேண்டுதலை மேலே கொண்டுசெல்லும் என்பது அவர்தம் நம்பிக்கை. பழைய குழல்கள் பல சேகரிப்போர் கையை அடைந்தன. 1937இல் அக்கற்சுரங்கம் தேசிய நினைவிடமாக்கப்பட்டு, கல் எடுக்கும் உரிமை தொல்குடியினர்க்கே ஒதுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கூட்டாட்சி அரசின் நிதிபெறும் அருங்காட்சியகங்களிலிருந்து புனிதப் பொருள்களை மீளக் கோர வழிவகுத்தது. தனியார் சேகரிப்புகள் பெரும்பாலும் அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

குழலுக்கும் சங்குக்கும் பொதுவானது மூச்சு. மனிதன் மூச்சைச் செலுத்தும்போதே இரண்டும் தம் தொழிலைச் செய்கின்றன. கார்த்திகைச் சோமவாரத்திற் சிவபெருமானுக்கு நிகழும் சங்காபிஷேகத்தில் 108, 1008 என அடுக்கப்படுவன பெரும்பாலும் இடம்புரிகளே. ஆலயத்திலும் இறுதிச்சடங்கிலும் ஊதப்படுவதும் இடம்புரியே. சேகரிப்போன் ஒன்றின் அருமையை நாடுகின்றான். சடங்கோ பலவற்றின் பயனை நாடுகின்றது. ஆதலின் அருமை வேறு, புனிதம் வேறு என்க.

ஆயினும் சேகரித்தலை முற்றாக இகழ்தல் தகாது. பழம்பொருளின் செய்முறையையும் வரலாற்றையும் அறியப் பேழைகள் துணைபுரிகின்றன. குறை யாதெனின், எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்னும் குறிப்பின்றிப் பொருளை மட்டும் பெறுதலே. அத்தகைய பொருள் ஊரை இழந்ததாகிவிடும். உரிமையுடையோர் கேட்பினும் நிறுவச் சான்றிராது.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வைக் கண்ட நமக்கு இவ்வுண்மையை விளக்கவேண்டுவதில்லை. ஆலயத்திலும் இல்லத்திலும் எஞ்சியுள்ள சங்கு, சேமக்கலம், விளக்கு முதலியவற்றின் அளவு, நிறை, அடையாளம், ஈந்தோர் பெயர் ஆகியவற்றை எழுதிப் புகைப்படத்துடன் காத்தல் வேண்டும். மாணவர் சிலர் கூடினால் ஓர் ஆலயத்தின் பட்டியலை விடுமுறையொன்றில் முடித்துவிடலாம். அவ்வாறு பதிந்தபின் அச்சங்குகளைப் பெட்டியிற் பூட்டிவையாது, பூசை தோறும் ஊதுக.