யாருடைய பாதையில் ஓட்டுகிறது அந்தக் கழகம்?

மலைச் சைக்கிளோட்டத்தில் ஆசை வந்த ஓர் இளைஞர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த கியர் சைக்கிளை வாங்கலாம் என்பதைத்தான். யாரோடு சேர்ந்து ஓட்டுவது என்ற கேள்வி அதற்குப் பிறகே வருகிறது. றொசல்ல போன்ற ஊரில் இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும். முதலில் பாதை, அடுத்தது கழகம், கடைசியாகத்தான் சைக்கிள். தேயிலைத் தோட்டத்தில் எந்தப் பாதையும் வெறுமனே கிடப்பதில்லை. அதில் ஓட்டும் உரிமையைத் தனி ஆளாகக் கேட்டுப் பெறுவது கடினம்; ஒரு கழகம் கேட்டால் கிடைக்கக்கூடும். ஆகவே ஒரு கழகம் நல்லதா என்று எடைபோட, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பதைவிட, யாரிடம் கேட்டு ஓடுகிறது என்று விசாரிப்பதே சரியான வழி.

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஏறிவரும் ஏ-7 வீதியில், ஹட்டனுக்குச் சற்று முன்னால் இருக்கிறது றொசல்ல. ரயில் பாதையிலும் வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட நிலையம் அதுதான். கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்ட அந்தப் பாதை, 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. மிகச் செங்குத்தான இடத்திலும் அது 44 அடிக்கு ஓர் அடிதான் ஏறும். தோட்டத்துப் பாதைகளுக்கு அப்படி ஒரு கணக்குக் கிடையாது. கொழுந்து லொறி போகும் பாதை சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறும். அதிலிருந்து பிரிந்து தேயிலை மலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் போகிற குறுக்குப் பாதைகளோ நேராக இறங்கும். பல இடங்களில் மண்ணை வெட்டிப் படி போட்டிருப்பார்கள். சைக்கிளோட்டியின் கண்ணுக்கு இந்த மூன்றுமே விருந்து. ஆனால் முதலாவதில் லொறி வரும், இரண்டாவதில் முதுகில் கொழுந்துச் சுமையோடு பெண்கள் வருவார்கள், மூன்றாவதில் பாடசாலைப் பிள்ளைகள் வருவார்கள்.

இந்தப் பாதைகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் நேரான பதில் இல்லை. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர்தான், தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. இதனால் ஒரே சரிவில் ஒரு பாதைக்குத் தோட்ட முகாமையாளரிடமும், அடுத்த பாதைக்குப் பிரதேச சபையிடமும், காட்டு விளிம்பை ஒட்டிய பாதைக்கு வன அதிகாரிகளிடமும் பேச வேண்டிவரும். ஞாயிறு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே கிளம்பும் ஒருவரால் இந்த மூன்று கதவுகளையும் தட்ட முடியாது. கழகம் என்பதன் முதல் வேலை இதுவே. ஒன்றாகப் படம் எடுப்பதும் ஒரே நிறத்தில் சட்டை அணிவதும் அதற்குப் பின்னால்தான்.

இந்த விளையாட்டு பிறந்த இடத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1970களில், பழைய ஷ்வின் சைக்கிள்களுக்குத் தடித்த டயர் மாட்டி மண் பாதையில் இறங்கியவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது எப்படி? அவர்களில் பலர் ஏற்கனவே வெலோ கிளப் தமல்பைஸ் என்ற வீதிச் சைக்கிளோட்டக் கழகத்தின் உறுப்பினர்கள். வார நாளில் தார் வீதியில் பயிற்சி, ஓய்வு நாளில் மலை. 1976 ஒக்டோபர் 21ஆம் திகதி அவர்கள் முதல் ரீபேக் பந்தயத்தை நடத்தினார்கள். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றருக்குள் நானூறு மீற்றர் இறக்கம். பின்சக்கரக் குடத்துக்குள் இருந்த பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் வைக்க வேண்டியிருந்தது. அங்கே ஓடிய கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்களின் கைகளில்தான் இன்றைய மலைச் சைக்கிள் உருவானது. 1996இல் அட்லாண்டாவில் அது ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. இந்த வெற்றிக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. 1980களில் அதே மரினில் நடைபயணிகளும் குதிரையோட்டிகளும் முறையிட, ஒற்றையடிப் பாதைகள் ஒவ்வொன்றாகச் சைக்கிளுக்கு மூடப்பட்டன. ஓட்டுபவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. பாதையில் நடப்பவர்களோடு பேச்சு இருக்கவில்லை. 1988இல் கலிபோர்னியாவின் ஐந்து கழகங்கள் கூடிச் சர்வதேச மலைச் சைக்கிளோட்டச் சங்கத்தை அமைத்தபோது, திறந்த பாதையில் மட்டும் ஓட்டு, எதிரே வருபவருக்கு வழிவிடு, தடம் விடாதே, விலங்கை மிரட்டாதே என்பவையே அதன் அடிப்படை விதிகளாயின. அவை பாதைகளை இழந்த பிறகு கற்றுக்கொண்ட விதிகள். நம் மலைநாட்டில் இழப்பதற்கு முன்பே அவற்றைக் கைக்கொள்ளலாம்.

சரி, இங்கே கழகத்தை எங்கே தேடுவது? மரினில் நடந்ததுபோல, ஏற்கனவே சைக்கிளோடு சம்பந்தப்பட்டவர்கள் கூடும் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹட்டன் டவுனிலோ நாவலப்பிட்டியிலோ உள்ள சைக்கிள் திருத்தும் கடைக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை பிரேக் கட்டை மாற்ற வருபவர் யார், சேறு காயாத டயரோடு வருபவர் யார் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கே அரை மணி நேரம் நின்றால் இரண்டு பேரையாவது தெரிந்துகொள்ளலாம். அடுத்த இடம் பிரதேச செயலகம். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்வாகத்தில், பிரதேச மட்டத்தில் விளையாட்டு உத்தியோகத்தர்கள் பணிபுரிகிறார்கள். பதிவு செய்த கழகங்கள் எவை என்று அவர்களிடம் கேட்கலாம். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இயங்கும் இளைஞர் கழகங்களும் இருக்கின்றன. பந்தயத்தில் இறங்கும் எண்ணம் உள்ளவர்களுக்குத் தேசிய சைக்கிளோட்டச் சம்மேளனம்தான் முகவரி. கைபேசிக் குழுக்கள் வழியாகவும் சேரலாம்தான். ஆனால் குழுவில் எண்ணைச் சேர்ப்பதும் கழகத்தில் சேர்வதும் ஒன்றாகாது. முகம் பார்த்து, ஒரு தடவையாவது கூட ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

அந்த முதல் ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது முன்னால் போகிறவரையல்ல, கடைசியில் வருகிறவரை. நல்ல குழுவில் அனுபவசாலி ஒருவர் எப்போதும் பின்னால் வருவார்; புதியவர் எவரும் அவருக்குப் பின்னே விடப்பட மாட்டார். பிரியும் சந்தி ஒவ்வொன்றிலும் முன்னால் போனவர்கள் காத்திருப்பார்கள். இறக்கத்துக்கு முன் நிறுத்தி, புதியவரின் பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். இது சம்பிரதாயமல்ல. மழைக்குப் பிறகு தோட்டப் பாதையில் இறங்கும்போது, ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக் கட்டையில் ஈர மண்ணும் மணலும் ஒட்டிக்கொள்ளும். கட்டை உரசுகிறதா அரைக்கிறதா என்று சத்தத்திலேயே தெரியும். ஒரே நீண்ட இறக்கத்தில் றப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் ரிம்மைத் தொட்டுவிடக்கூடும். அப்போது லீவரை எவ்வளவு இழுத்தாலும் சைக்கிள் நிற்காது. கீழே வளைவில் கொழுந்துச் சாக்கோடு ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்று, அவர் கடந்த பிறகே ஏறுகிற வழக்கம் அந்தக் குழுவில் உண்டா என்று பாருங்கள். மணியடித்து அவரை ஒதுங்கச் சொல்கிற குழுவென்றால், அடுத்த ஞாயிறு அங்கே போக வேண்டாம்.

இதற்கெல்லாம் கழகம் எதற்கு, எனக்குத் தெரிந்த பாதையில் நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். லொறி போகும் பெரிய பாதையில் பகலில் ஓட்டுகிறவர் அப்படிச் சொன்னால் மறுப்பதற்கில்லை. தேயிலை மலைக்குள் இறங்கினால் கணக்கு வேறு. குளவிக் கொட்டு தோட்டத் தொழிலாளர்களின் உயிரையே குடித்த செய்திகள் நமக்குப் புதிதல்ல. எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்பது அந்த மலையில் வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். 2020இல் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை இறந்துபோனது, தோட்டங்களுக்குள் சிறுத்தையும் உண்டு, சுருக்குகளும் உண்டு என்பதை நாடு முழுவதற்கும் காட்டியது. பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தவரைத் தூக்கிவர நான்கு பேர் வேண்டும். இவை தனியாளால் சமாளிக்கக்கூடியவை அல்ல.

மழையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். றொசல்லவின் அயலூரான வட்டவளை நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் இதன் பெரும்பங்கு வந்துவிடும். நனைந்த மண்ணில் சைக்கிள் டயர் கீறிய கோடு அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகும். கானின் விளிம்பு ஒரு இடத்தில் உடைந்தாலும் போதும், தண்ணீர் வழிமாறித் தேயிலைக்குக் கீழே மண்ணை அரித்துவிடும். கான் வெட்டியவர்களின் உழைப்பு அது. கீழே இருக்கும் லயத்தின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது. தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாட்களில், சரிவில் ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது. ஆண்டில் எந்த மாதங்களில் மண் பாதையைத் தொடமாட்டீர்கள் என்று கழகத்தாரிடம் கேளுங்கள். நாங்கள் எந்த மழையிலும் ஓட்டுவோம் என்பதைப் பெருமையாகச் சொல்லும் கழகம் பாதையைப் பற்றி யோசித்ததே இல்லை. மண்வெட்டியோடு ஒரு நாள் வந்து பாதையைத் திருத்தியிருக்கிறோம் என்று சொல்லும் கழகத்துக்கு முகாமையாளரும் கதவைத் திறப்பார், தோட்டத்தாரும் வழிவிடுவார்கள்.

எதிர்ப்புகளில் மிக வலுவானது செலவு பற்றியது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. இறக்குமதியான நல்ல மலைச் சைக்கிள் ஒன்றின் விலையோ லட்சங்களில். கொழும்பிலிருந்து வாகனத்தின் மேல் சைக்கிளை ஏற்றிவருபவர்களின் பொழுதுபோக்கு இது, லயத்துப் பிள்ளைக்கு இதில் என்ன இடம் என்று கேட்பது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த நிலைமை மாறாதது என்று ஏற்கவும் முடியாது. தென்னாபிரிக்காவின் ஸ்டெலன்பொஷ் நகரம் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அதன் விளிம்பில் இருக்கும் கயமண்டி வறிய கறுப்பின மக்களின் குடியிருப்பு. 2008இல் அந்தக் குடியிருப்பின் சொங்கோ ஃபிபாசாவும் சுவிற்சர்லாந்தின் உலகச் சம்பியன் கிறிஸ்ரோஃப் சவுசரும் சேர்ந்து, அங்குள்ள பிள்ளைகளுக்குச் சைக்கிளும் பயிற்சியும் பாடசாலைக்குப் பிந்திய படிப்புக்கு உதவியும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். தோட்டங்கள் சூழ்ந்த ஊரில், பிள்ளைகள் தங்கள் மண்ணிலேயே இந்த விளையாட்டைக் கற்றார்கள். நமக்குத் தேவையான மாதிரி இதுதான்: சைக்கிள் கழகத்தின் பொதுச்சொத்தாக இருக்கட்டும், ஐந்து சைக்கிளை இருபது பேர் முறைவைத்து ஓட்டட்டும், திருத்தும் வேலையை உறுப்பினர்களே கற்கட்டும். லூமாலா சைக்கிளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பையனுக்கு விலைகூடிய சைக்கிளின் கியரும் நாளடைவில் கைவரும்.

இது உல்லாசப் பயணிகளுக்கான விடயம், அவர்கள் வந்து போகட்டும் என்ற இன்னொரு வாதமும் உண்டு. அவர்கள் வருகிறார்கள்தான். ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கும் மேல் மலைநாட்டைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை, றொசல்லவிலிருந்து இரண்டு ரயில் நிலையம் தள்ளியுள்ள கொட்டகலையைத் தொட்டு நோர்வூட் பக்கம் போகிறது. பழைய தோட்டப் பாதைகளுக்கு உலகச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதை அது நிரூபித்துவிட்டது. அந்த மதிப்பு வெளியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் தெரிந்து, பாதையோரம் பிறந்தவர்கள் தண்ணீர்ப் போத்தல் விற்பதோடு நின்றுவிடுவதே என் கவலை. வழிகாட்டியாக, திருத்துநராக, பந்தய வீரராக வளர்வதற்குத் தோட்டத்து இளைஞர்களுக்கு ஒரு வாசல் வேண்டும். அவர்கள் சேர்ந்த கழகம் அந்த வாசலாக இருக்க முடியும். குளவிக் கூடு எங்கே, கான் எங்கே உடைந்திருக்கிறது, எந்தக் குறுக்குப் பாதையில் எத்தனை மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆகவே இதில் உதவி பெறுவது அவர்கள் மட்டுமல்ல. கழகத்துக்குத்தான் அவர்கள் அதிகம் தேவை.

எனவே சேர விரும்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடுமுன், தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வாங்குகிறார்களா, தலைக்கவசமில்லாமல் எவரையாவது ஓட்ட விடுகிறார்களா என்று விசாரியுங்கள். பிறகு உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். அந்தச் சரிவில் வாழும் ஒருவர் பெயர்கூட அதில் இல்லையென்றால், பணம் கட்ட வேண்டாம். தெரிந்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் போய், புதிய கழகம் ஒன்றைப் பதிவு செய்வதற்கான படிவத்தைக் கேளுங்கள்.