மீத்திறன் கணிமையில் பல்கலைக்கழக ஆய்வுப் பணியிடம்: தென்பெண்ணை வெள்ளக் கணிப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அறிவியல் உருவகப்படுத்தலுக்கான மீத்திறன் கணிமை இந்தியாவில் கடந்த பத்தாண்டுகளில் பெருமளவு விரிவடைந்துள்ளது. பொறிகள் நிறுவப்படும் வேகத்தில் அவற்றைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களுக்குரிய பணியிடங்கள் உருவாகவில்லை. இப்பணியிடத்தின் இயல்பு யாது, அதற்கு எத்தகைய அறிவு வேண்டும், பல்கலைக்கழகம் ஏன் அதனை நிலையான பணியிடமாகக் கருதவேண்டும் என்பவற்றைக் கிருஷ்ணகிரி மாவட்டம் வழியாகப் பாயும் தென்பெண்ணை ஆற்றின் வெள்ளக் கணிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்

மீத்திறன் கணிமை, உருவகப்படுத்தல், இணைக்கணிமை, ஆம்டால் விதி, பரம் பொருள், ஆய்வு மென்பொருள் பொறியாளர், தென்பெண்ணை.

1. முன்னுரை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்த ஊர். அவர் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916ஆம் ஆண்டு, அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் தோன்றுவதற்குத் துணைநின்றார். இன்று அவ்வூரைச் சூழ்ந்த பகுதி தொழிற்சாலைகளின் பகுதி. வாகனம், கைக்கடிகாரம், மின்னணுக் கருவி எனப் பல பொருள்கள் ஓசூரில் உருவாகின்றன. ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் பெங்களூரு உள்ளது. நாட்டின் முதன்மையான கணிமை ஆய்வகங்கள் சில அந்நகரில் இயங்குகின்றன.

இத்தகைய அமைவிடத்தில் உள்ள ஒரு கல்லூரி ஆசிரியர்க்கோ ஆய்வாளர்க்கோ மீக்கணினி எட்டாப் பொருள் அன்று. தேசிய மீத்திறன் கணிமைத் திட்டத்தின் பொறிகள் தேசிய அறிவுப் பிணையத்தின் வழியாகத் தொலைவிலிருந்து அணுகுமாறு திட்டமிடப்பட்டவை. எட்டாதிருப்பது வேறொன்று. தம் துறைச் சிக்கலை அப்பொறி ஏற்கும் வடிவில் மாற்றித் தரவல்ல ஆளே கிடைப்பதில்லை. அவ்வாளுக்குரிய பணியிடம் பற்றியதே இக்கட்டுரை.

2. உருவகப்படுத்தல்: கட்டமும் காலப்படியும்

இயற்கை நிகழ்வு ஒன்றை ஆளும் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து, அந்நிகழ்வு எவ்வாறு நடைபெறும் என்பதை எண்களால் காட்டுவதே உருவகப்படுத்தல் எனப்படும். இதன் தேவையை உணர்த்தும் நிகழ்வு அண்மையிலேயே நடந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. தென்பெண்ணையின் நீர் சாத்தனூர் அணையை நிறைத்தது. அணையிலிருந்து பெருமளவில் நீர் திறந்துவிடப்பட, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோரப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. நீர் எவ்விடத்தை எப்போது அடையும் என்னும் வினாவுக்குச் சில மணி நேரத்துக்குள் விடை கிடைத்தால் மட்டுமே அவ்விடையால் பயன் உண்டு.

அவ்வாற்றின் 40 கி.மீ. நீளமும் 2 கி.மீ. அகலமும் கொண்ட ஒரு பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதனை 10 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரித்தால் 8,00,000 கட்டங்கள் அமையும். ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் ஆழத்தையும் இரு திசை வேகங்களையும் ஒவ்வொரு காலப்படியிலும் கணிக்கவேண்டும். தெருவும் கரையும் வாய்க்காலும் தெளிவுறத் தெரியவேண்டுமாயின் கட்டத்தைச் சிறிதாக்குதல் இன்றியமையாதது. பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். அதனோடு காலப்படியையும் பாதியாக்கவேண்டும். ஒரு காலப்படிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிச் செல்லலாகாது என்பது 1928ஆம் ஆண்டு கூரண்ட், ஃபிரிட்ரிக்ஸ், லெவி ஆகியோர் நிறுவிய நிபந்தனையின் சாரம். எனவே மொத்தக் கணக்கு எட்டு மடங்காகிறது.

10 மீட்டர்க் கட்டத்தில் ஒரு செயலிக்கு 1 மணி நேரம் ஆகும் எனக் கொண்டால், 5 மீட்டருக்கு 8 மணி நேரமும் 2.5 மீட்டருக்கு 64 மணி நேரமும் 1.25 மீட்டருக்கு 512 மணி நேரமும் ஆகும். 512 மணி நேரம் என்பது 21 நாள்களுக்கு மேற்பட்டது. அதற்குள் வெள்ளம் வந்து வடிந்துவிடும். மீத்திறன் கணிமையின் தேவை இங்குதான் எழுகிறது.

3. இணைக்கணிமையின் எல்லை

ஒரு வேலையைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளித்து ஒரே நேரத்தில் செய்வித்தல் இணைக்கணிமை ஆகும். ஆற்றுப் பகுதியை 64 துண்டுகளாக்கி 64 செயலிகளுக்கு வழங்கினால், 512 மணி நேர வேலை 8 மணி நேரத்தில் முடியும் எனத் தோன்றலாம். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. உள்ளீட்டைப் படித்தல், விடைகளை ஓரிடத்தில் திரட்டி எழுதுதல் போன்ற பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெறுகின்றன. இத்தொடர்நிலைப் பகுதியே வேகத்தின் உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது என்பதை 1967ஆம் ஆண்டில் ஜீன் ஆம்டால் எடுத்துக்காட்டினார்.

நிரலில் 5 விழுக்காடு தொடர்நிலையில் இருப்பதாகக் கொள்வோம். ஆம்டால் விதியின்படி 64 செயலிகள் தரும் வேகம் 64 மடங்கு அன்று, ஏறத்தாழ 15.4 மடங்கே. 512 மணி நேர வேலை 33 மணி நேரமாகக் குறையும். செயலிகளை 1,024 ஆக உயர்த்தினாலும் வேகம் 19.6 மடங்கைத் தாண்டாது. வேலைக்கு 26 மணி நேரம் வேண்டும். எத்தனை செயலிகளைச் சேர்ப்பினும் 20 மடங்கு என்னும் வரம்பைக் கடக்க இயலாது.

இனி, நிரலை ஆராய்ந்து தொடர்நிலைப் பகுதியை 5 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைத்ததாகக் கொள்வோம். அப்போது 64 செயலிகளிலேயே வேகம் ஏறத்தாழ 39 மடங்காகிறது. வேலை 13 மணி நேரத்தில் முடிகிறது. 1,024 செயலிகளில் திருத்தப்படாத நிரல் எடுத்துக்கொண்ட 26 மணி நேரத்தில் இது பாதி. பதினாறு மடங்கு பெரிய பொறியால் இயலாததை, நிரலை அறிந்த ஒருவரின் உழைப்பு இயலச் செய்கிறது. பொறிக்கும் பணியாளருக்கும் இடையே நிதியைப் பகிர்ந்தளிப்போர் கருத்தில் கொள்ளவேண்டிய ஒப்பீடு இது.

சிக்கலின் அளவு பெருகும்போது தொடர்நிலைப் பகுதியின் விகிதம் குறையலாம் என்று 1988ஆம் ஆண்டில் குஸ்டாஃப்சன் சுட்டிக்காட்டியதும் கருதத்தக்கது. ஆயினும் வெள்ளக் கணிப்பு போன்று சிக்கலின் அளவு மாறாது, விடை விரைவில் தேவைப்படும் இடங்களில் ஆம்டாலின் வரம்பே மேலோங்கி நிற்கிறது.

இதனோடு வேறு தடைகளும் உள்ளன. அடுத்தடுத்த துண்டுகள் தம் எல்லைக் கட்டங்களின் மதிப்புகளை ஒவ்வொரு காலப்படியிலும் பரிமாறிக்கொள்ளவேண்டும். நினைவகத்திலிருந்து எண்கள் வந்துசேரும் வேகம் செயலியின் வேகத்துக்கு ஈடாவதில்லை. அமெரிக்காவின் ஃபிரான்டியர் என்னும் மீக்கணினி 2022ஆம் ஆண்டில் லின்பேக் சோதனையில் 1.1 எக்ஸாஃப்ளாப்ஸ் வேகத்தை எட்டியது. நடைமுறை அறிவியல் நிரல்களை ஒத்த எச்.பி.சி.ஜி. சோதனையில் அதே பொறி எட்டியது ஏறத்தாழ 14 பெட்டாஃப்ளாப்ஸ் மட்டுமே. அஃதாவது முன்னதில் ஏறத்தாழ 1.3 விழுக்காடு. அறிவிப்புகளில் இடம்பெறும் வேகத்தையும் ஆய்வாளர் உண்மையில் பெறும் வேகத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதை இது உணர்த்துகிறது.

4. விடையின் நம்பகத்தன்மை

விரைவாகக் கிடைத்த விடை சரியானதா என்பது அடுத்த வினா. கணினியின் எண்களுக்கு இலக்க வரம்பு உண்டு. வழக்கமான இரட்டைத் துல்லிய முறையில் பத்தாயிரம் இலட்சம் கோடியோடு, அதாவது 1க்குப்பின் 16 சுழியங்கள் கொண்ட எண்ணோடு, 1ஐக் கூட்டிப் பின்னர் அப்பேரெண்ணைக் கழித்தால் விடை 0 என வரும். பேரெண்ணை முதலில் கழித்துவிட்டுப் பின்னர் 1ஐக் கூட்டினால் விடை 1 என வரும். கூட்டலின் வரிசை மாறினால் விடையும் மாறுகிறது. செயலிகளின் எண்ணிக்கை மாறும்போது கூட்டலின் வரிசையும் மாறும். ஆகவே ஒரே நிரல், ஒரே தரவு, வேறு எண்ணிக்கையிலான செயலிகள் என்னும் நிலையில் விடைகள் சற்றே வேறுபடுவது இயல்பு.

அவ்வேறுபாடு பொறுத்துக்கொள்ளத்தக்க தோராயமா அல்லது நிரலில் மறைந்துள்ள பிழையா எனப் பிரித்தறிவதற்குக் கணினி அறிவு மட்டும் போதாது. நீரியல் அறிவு மட்டும் போதாது. சமன்பாடுகள் சரியாகத் தீர்க்கப்பட்டனவா எனச் சரிபார்த்தலும், தேர்ந்தெடுத்த சமன்பாடுகள் உண்மை ஆற்றுக்குப் பொருந்துகின்றனவா என நீர்மட்ட அளவீடுகளோடு ஒப்பிடுதலும் தனித்தனிப் பணிகள். இரண்டையும் செய்யாத உருவகப்படுத்தல் அழகிய படமாக அமையலாம். அதனை நம்பி ஓர் ஊரை வெளியேற்ற இயலாது.

5. இந்தியப் பின்னணி

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் சிக்கலை அறிந்தோரின் கையில் இருந்தது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தினர், பாய்மச் சமன்பாடுகளைத் தீர்க்கும் தம் தேவைக்காகவே 1986ஆம் ஆண்டில் ஃப்ளோசால்வர் என்னும் இணைக்கணினியை உருவாக்கினர். இந்திய அறிவியல் நிறுவனம் விரும்பிய அமெரிக்க மீக்கணினி மறுக்கப்பட்ட சூழலில், 1988ஆம் ஆண்டில் சி-டாக் நிறுவப்பட்டது. 1991இல் பரம் 8000 வெளிவந்தது. தமிழகத்தில், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் அணிக்கோவை அளவைக் கோட்பாட்டுக் கணக்குகளுக்காக அமைக்கப்பட்ட கப்ரு என்னும் கணினித் தொகுதி, 2004ஆம் ஆண்டு உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. இங்கும் தம் இயற்பியல் வினாவுக்கு விடை தேடியவர்களே பொறியமைப்பிலும் ஈடுபட்டனர்.

2015ஆம் ஆண்டில் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பெற்ற தேசிய மீத்திறன் கணிமைத் திட்டம் இந்நிலையை மாற்றியது. 2022ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் திறனுடைய பரம் பிரவேகா நிறுவப்பட்டது. அதே ஆண்டு மே 25ஆம் நாள் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுடைய பரம் பொருள் தொடங்கிவைக்கப்பட்டது. இவை பல துறையினர்க்கும் பொதுவான பொறிகள். பொதுமை வந்தபோது, பொறியை அமைத்தவரும் சிக்கலை அறிந்தவரும் வேறு வேறாயினர். முன்பு ஒரே ஆளிடமோ ஒரே குழுவிடமோ இருந்த இணைப்பு அறுந்தது. அவ்விணைப்பை மீட்பதற்கு இனித் தனிப் பணியிடம் தேவைப்படுகிறது.

6. பணியிடத்தின் இயல்பும் இன்றைய நிலையும்

மேற்கூறியவற்றிலிருந்து இப்பணியிடத்தின் கடமைகளைத் தொகுத்துக் கூறலாம். துறை ஆய்வாளரின் சமன்பாட்டைப் புரிந்துகொள்ளுதல், அதற்கேற்ற எண்முறையைத் தேர்தல், நிரலின் எப்பகுதி காலத்தை விழுங்குகிறது என அளந்தறிதல், பொதுச் செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் ஏற்ப அதனைத் திருத்தியமைத்தல், விடைகளைச் சரிபார்த்து ஆவணப்படுத்துதல் ஆகியன அவை. கணினித் துறையின் அளவுகோலில் இது புதிய படிமுறை அன்று. இயற்பியல், நீரியல் துறைகளின் அளவுகோலில் இது புதிய கண்டுபிடிப்பு அன்று. இரு துறைகளுக்கும் இடையில் நிற்பதால் இரண்டிலும் இடம்பெறாமல் போகிறது.

நம் பல்கலைக்கழகங்களில் இப்பணி பெரும்பாலும் திட்ட உதவியாளர் அல்லது இளநிலை ஆய்வாளர் என்னும் பெயரில் நிகழ்கிறது. இளநிலை ஆய்வாளர்க்கு 2023ஆம் ஆண்டு சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. திட்டம் முடியும்போது பணியும் முடிகிறது. அவர் சென்றபின் நிரல் எஞ்சும். அதன் நுட்பம் அறிந்தவர் எஞ்சுவதில்லை. அடுத்து வருபவர் அதனைப் படித்தறிவதைவிடப் புதிதாக எழுதுவதே எளிது எனக் கருதுகிறார். 5 விழுக்காட்டை 1 விழுக்காடாக்கிய உழைப்பு இவ்வாறு வீணாகிறது. பணியாளரை வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் மட்டுமே மதிப்பிடும் வழக்கமும் இதற்குத் துணைபோகிறது.

இக்குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டில் இத்தகையோர் ஒன்றுகூடி, ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். பின்னர் அவர்களுக்கெனத் தனி நல்கைகளும் பல்கலைக்கழகக் குழுக்களும் அமைந்தன. பணிக்குப் பெயர் கிடைத்ததும் பணியிடத்தைக் கோருவது இயன்றது. கலைச்சொல்லாக்கத்தின் பயன் மொழி வளத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கிருஷ்ணகிரி மாவட்டம் போன்ற பகுதிக்கு ஒரு வழி எளிதில் புலப்படுகிறது. பர்கூர் அரசினர் பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களோ, மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகளை இணைப்பாகக் கொண்ட பெரியார் பல்கலைக்கழகமோ சொந்த மீக்கணினி வாங்கவேண்டியதில்லை. பொறி திருச்சியிலும் பெங்களூரிலும் இருக்கிறது. பல கல்லூரிகளுக்கும் பொதுவாக, திட்டக் காலத்தோடு முடியாத ஒரு பணியிடத்தை உருவாக்கினால், வெள்ளக் கணிப்பு முதல் ஓசூர்த் தொழிற்கூடங்களின் வெப்பப் பரவல் கணக்கு வரை பலரும் அவ்வொருவரின் துணையைப் பெறலாம். தேர்வின்போது கட்டுரைப் பட்டியலைக் கேட்பதோடு அமையாமல், சிறு நிரல் ஒன்றைக் கொடுத்து, செயலிகளின் எண்ணிக்கைக்கேற்ப அதன் வேகம் எவ்வாறு மாறுகிறது என அளந்து விளக்குமாறு கேட்பதும் பொருத்தமுடையது.

7. முடிவுரை

மீத்திறன் கணிமையின் பயனைத் தீர்மானிப்பவை கட்டத்தின் நுண்மை, நிரலின் தொடர்நிலைப் பகுதி, தரவுப் பரிமாற்றம், விடையின் சரிபார்ப்பு ஆகியன. இவற்றுள் எதனையும் பொறி தானே செய்துகொள்வதில்லை. 1,024 செயலிகளில் 26 மணி நேரம் எடுக்கும் கணக்கை 64 செயலிகளில் 13 மணி நேரத்தில் முடிக்க இயலும் என்பது ஆம்டால் விதியிலிருந்து நேரே பெறப்படும் முடிவு. வெள்ளம் வருமுன் விடை வேண்டுமாயின், பொறியை வாங்கும் திட்ட மதிப்பீட்டிலேயே அதனை அறிந்து இயக்குவோரின் நிலையான பணியிடத்துக்கும் இடம் ஒதுக்கப்படுதல் வேண்டும்.