பின்னறைக்கு எட்டாத இணையம்

"ஐயா, மாதாமாதம் தவறாம பணம் கட்டுறோம். முன்கூடத்துல உட்கார்ந்தா படம் நல்லா ஓடுது. பின்னறைக்குப் போனா சுத்திக்கிட்டே இருக்குது. மக எஸ்.பி.எம். எழுதப்போறா. ராத்திரி வகுப்புல பாதியிலேயே வாத்தியார் முகம் அப்படியே நின்னுபோயிடுது. இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறிடட்டுமா?"

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அன்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். "அவசரப்படாதீங்க அண்ணே, முதல்ல வீட்டைப் பார்ப்போம்" என்றேன்.

கைப்பேசியை ரவுட்டர் பக்கத்தில் வைத்து வேகத்தை அளந்தோம். 94 மெகாபிட். பின்னறையில் அளந்தால் வெறும் 6, அதுவும் விட்டுவிட்டு. தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, குழாயில்தான் அடைப்பு. இந்த நிலையில் கூடுதல் பணம் கட்டுவது வீண். ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் இல்லையென்றால் அது வேறு கதை. இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைத்தான் கேட்கவேண்டும்.

வைஃபை அலைக்குச் செங்கல் சுவரும் தகரமும் ஐஸ்பெட்டியும் தடை. அண்ணன் ஏற்கெனவே ரிப்பீட்டர் ஒன்று வாங்கிப் பின்னறையிலேயே மாட்டியிருந்தார். அது எப்படி வேலை செய்கிறது? பெரட்டில் தண்டல் சொல்வதைக் கேட்டு, பின்வரிசைக்குத் திருப்பிச் சொல்லும் ஆளைப்போல. கேட்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது கேட்க முடியாது. ஒரே அலையில் இரண்டு வேலையும் செய்யும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். அதையும் அலை எட்டாத இடத்தில் மாட்டினால் எதைத் திருப்பிச் சொல்லும், பாவம்!

வழி என்ன? கம்பிதான். பின்னறையில் இன்னொரு ரவுட்டரை வைத்து, முன்கூடத்து ரவுட்டரோடு கேபிளால் இணைப்பது. அண்ணன் வீட்டு அலமாரி மேல் பழைய ரவுட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. கேட் 5இ கேபிள் போதும். 100 மீட்டர் வரைக்கும் 1,000 மெகாபிட் தாங்கும். நமக்குத் தேவைப்பட்டது 15 மீட்டர். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசியதும் கடையில் விற்கிறது. விலை குறைவு, சீக்கிரம் முறியும்.

இங்கே ஒரு சங்கதி. சும்மா செருகினால் போதாது. இரண்டு ரவுட்டரும் ஆளுக்கு ஆள் முகவரி கொடுக்க ஆரம்பித்தால், ஒரே லயத்துக்கு இரண்டு கங்காணி பெயர் கொடுத்த மாதிரி கணக்குக் குழம்பிவிடும். இரண்டாவது ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால், இணைப்பதற்கு முன்பே அதன் முகவரி எண்ணை மாற்றுங்கள். முதல் ரவுட்டர் 192.168.0.1 என்றால் இது 192.168.0.2 என்று இருக்கட்டும். பிறகு டிஎச்சிபி என்பதை நிறுத்திவிட்டு, இரண்டிலும் லேன் என்று எழுதிய துளையில் கேபிளைச் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். இது புரியவில்லை என்று கூச்சப்படவேண்டாம். படிக்கும் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள். அண்ணன் வீட்டில் செய்தது மகள்தான்.

தோட்டத்து வீடென்றால் நிர்வாகத்தைக் கேட்காமல் சுவரில் துளை போடாதீர்கள். மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். எலித் தொல்லை இருந்தால் பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். "பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் ஒரு கேபிள் இழுத்துடலாமா?" என்றார் அண்ணன். நல்ல மனசுதான். ஆனால் வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுத்தால், நம் ஊர் இடிமின்னலுக்கு இரண்டு வீட்டுச் சாமானும் போய்விடும். வேண்டாம் என்றேன்.

இப்போது பின்னறையில் 40 மெகாபிட்டுக்குமேல் வருகிறது. பழைய ரவுட்டர் அவ்வளவுதான் தரும். வகுப்புக்கு 3, 4 மெகாபிட்டே போதும். அறுபடாமல் வரவேண்டும், அதுதான் முக்கியம்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அப்பா, வாத்தியார் போர்டுல எழுதுறது தெரியுது!" அண்ணன் எழுந்து பார்க்கப் போனவர், வாசற்படியில் கிடந்த கேபிள் காலில் மாட்டித் தடுமாறினார். மறுநாள் முதல் வேலையாகக் கிளிப் வாங்கிச் சுவரோரமாக அடித்துவிட்டார்.