நகராத சைக்கிளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பொத்தேரியில் உடற்பயிற்சிக்காக சைக்கிள் ஓட்ட விரும்புவோர் முதலில் அஞ்சுவது ஜி.எஸ்.டி. சாலையைத்தான். பேருந்தும் லாரியும் விரையும் அந்தச் சாலையில் நிம்மதியாக மிதிக்க இயலுமா? பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே, வீட்டிலேயே மிதிக்கும் 'ஸ்பின் பைக்' வாங்கப் பலர் எண்ணுகின்றனர். கடைக்காரர் பெரும்பாலும் சக்கரத்தின் எடையைத்தான் பெருமையாகச் சொல்வார். அது மட்டும் போதுமா என்று பார்ப்போம்.

குயவரின் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒருமுறை சுழற்றிவிட்டால் நெடுநேரம் சுற்றும். அதன் நிலைமமே காரணம். ஸ்பின் பைக்கின் கனத்த சக்கரமும் அவ்வாறே பயன்படுகிறது. மிதிகட்டை மேலும் கீழும் எல்லையை எட்டும்போது நமது காலின் விசை குறைகிறது. அப்போது சக்கரம் தான் சேர்த்து வைத்த ஆற்றலைத் தந்து ஓட்டத்தைச் சீராக்குகிறது.

இந்த ஆற்றல் எடையை மட்டும் பொறுத்ததன்று. வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. ஒரே அளவும் அமைப்பும் உடைய இரு சக்கரங்களில் ஒன்று 18 கிலோ, மற்றது 6 கிலோ எனக் கொள்வோம். சிறியது இருமடங்கு வேகத்தில் சுழன்றால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அதாவது, அது 24 கிலோ சக்கரத்துக்குச் சமம்! ஆகவே எடையைக் கேட்பதோடு நில்லாமல், மிதித்துப் பாருங்கள். ஓட்டம் சீராக இருக்கிறதா என்பதே கேள்வி.

அடுத்தது தடை. சிலவற்றில் கம்பளிக் கட்டை சக்கரத்தில் உராயும். விலை குறைவு, ஆனால் கட்டை தேயும், ஓசையும் எழும். வேறு சிலவற்றில் காந்தம் சக்கரத்தைத் தொடாமலே தடுக்கிறது. காந்தப் புலத்தினூடே உலோகம் விரையும்போது அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. லென்ஸ் விதிப்படி அவை இயக்கத்தை எதிர்க்கின்றன. பழைய மின்மானியில் சுழன்ற அலுமினியத் தட்டைக் கட்டுப்படுத்தியதும் இதே தத்துவந்தான். அடுக்குமாடி வீட்டுக்கு ஓசையற்ற காந்தத் தடையே ஏற்றது.

மூன்றாவது, உங்கள் உடலுக்குப் பொருந்துமா என்பது. இருக்கையில் அமர்ந்து, கீழ் எல்லையிலுள்ள மிதிகட்டையில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். இருக்கை மிகத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும். வண்டி தாங்கும் எடை உங்கள் எடையைவிட அதிகமா என்றும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானே ஓடும். பெரும்பாலான ஸ்பின் பைக்குகளிலோ சக்கரமும் மிதிகட்டையும் பிணைந்தவை. நீங்கள் நிறுத்தினாலும் மிதிகட்டை சுற்றும். திடீரென இறங்கினால் காலில் அடிக்கும். ஆகவே அவசர பிரேக் நன்கு பிடிக்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். குழந்தையின் விரல் நுழையாதபடி மூடியுள்ளதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தபின் எவ்வளவு வேகமாக மிதிப்பது? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான உழைப்பு. இதயநோய் அல்லது மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவதே நன்று.