பழைய கட்டடமும் நமது கடைவீதியும்



காரைக்குடி கொப்புடையம்மன் கோவிலைச் சுற்றியுள்ள கடைவீதிகளில் நடக்கும்போது சற்றுத் தலை நிமிர்ந்து பாருங்கள். கீழே கடை. மேலே பெரிய விளம்பரப் பலகை. பல இடங்களில் அந்தப் பலகைக்குப் பின்னால் மறைந்து நிற்பது பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடம். "இடித்துக் கான்கிரீட் போட்டால்தான் வியாபாரம் வளரும்" என்கிறார்கள் ஒரு சாரார். "பழமையில் கை வைக்கவே கூடாது" என்கிறார்கள் வேறு சாரார். கட்டடமும் நிற்க வேண்டும், அதில் மளிகைக்கடையும் நடக்க வேண்டும் என்பதே என் கருத்து.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. கானாடுகாத்தான் பக்கம் சில பெரிய வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்தன. பங்காளிகள் ஒத்துவராத வீடுகளோ தூண் வேறு, கதவு வேறாக விலை போயின. கடைவீதிக் கட்டடங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அதை நாம்தான் பேச வேண்டும்.

சுவரும் சரக்கும்

என் அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் கிட்டங்கியின் பழைய சுவரில் அடிப்பாகம் உதிர்ந்தது. கொத்தனார் சொன்னபடி சிமெண்டு பூசினேன். அடுத்த மழைக்காலத்தில் பூச்சுக்கு மேலே, இன்னும் உயரத்தில் ஈரம் ஏறி உப்புப் பூத்தது. சுவரோரம் அடுக்கிய துவரம்பருப்பு மூட்டைகள் பூஞ்சணம் பிடித்தன.

பிறகுதான் காரணம் விளங்கியது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடுகிறது. வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கெடுதலைத்தான் செய்யும். சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, வெள்ளையடித்தேன். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கினேன். அதன் பின் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே, பழைய கட்டடம் ஈரம் காக்கிறது என்று இடிக்கப் புறப்படுமுன், அந்த ஈரத்துக்கு நாமே காரணமா என்று பாருங்கள். மேல்மாடி சன்னலை மறைக்கும் பலகையைக் கழற்றினால் காற்று வரும், கடைக்குள் புழுக்கம் குறையும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள்; மேலே வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். தேக்கு உத்திரம் உள்ள கடையில் பழைய ஒயரிங்கை மாற்றுவதை ஒத்திப் போடாதீர்கள்.

புதுச்சேரியும் பினாங்கும்

புதுச்சேரி வைசியாள் வீதியில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வீடுகளின் முகப்புகளை ஒரே தொடராகச் சீரமைத்தார்கள். 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. அது குடியிருப்பு வீதிதான். ஆனாலும் ஒரு கட்டடத்தை மட்டும் பார்க்காமல் தெருவையே ஒன்றாகப் பார்த்தது நமக்குப் பாடம்.

இன்னொரு பாடம் பினாங்கு. நகரத்தார் கிட்டங்கி வைத்து லேவாதேவி நடத்திய ஊர் என்பதால் நமக்கு அந்நியமில்லை. அங்கே கீழே கடையும் மேலே வீடுமான பழைய கட்டடங்கள் பல காலம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் நின்றன. 2000-இல் அந்தச் சட்டம் நீங்கியது. வாடகை ஏறிப் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கட்டடங்கள் பொலிவு பெற்றன. ஆனால் பல கட்டடங்களில் பழைய தொழில்கள் போய், காப்பிக் கடைகளும் சிறு ஓட்டல்களும் வந்தன. கட்டடம் பிழைத்து, அதிலிருந்த வியாபாரி போய்விட்டால் நமக்கு என்ன லாபம்?

வாடகை ஒப்பந்தம்

நம் மாநிலத்தில் 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், கட்டடத்தின் பெரிய பழுதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. வாய்ப்பேச்சில் கடை நடத்துகிறவர், சொந்தக் காசில் சுவரைப் பழுது பார்த்துவிட்டு மறுவருடம் காலி செய்ய நேர்ந்தால் என்ன செய்வார்? பழுதுச் செலவில் யாருக்கு எவ்வளவு, அதை வாடகையில் எப்படிக் கழிப்பது, எத்தனை வருடம் கடை நிலைக்கும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்ளுங்கள். உரிமையாளருக்கும் இது நல்லதே. கட்டடம் கெடாமல் இருக்கும்.

சங்கம் செய்யக்கூடியது

ஒரே ஒரு வீதியை எடுத்துக்கொள்வோம். பலகைகளைக் கடை வாசலுக்கு மேல் ஒரே உயரத்தில், மாடி முகப்பை மறைக்காமல் அமைப்போம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இருவரைச் சங்கம் பேசி வைத்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே தேட வேண்டாம். பத்துக் கடைக்குச் சேர்த்துச் சுண்ணாம்பு வாங்கினால் விலையும் படியும். ஐப்பசி மழைக்கு முன் எல்லா மாடிகளிலும் தண்ணீர் போகும் வழியைச் சுத்தம் செய்வோம். இதற்கு அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கட்டடம் பார்க்க வருகிற வெளியூர்க்காரர் ஒரு நாள் வருவார். பருப்பும் புளியும் வாங்குகிற உள்ளூர்க்காரர்தான் மாதந்தோறும் வருவார். அவர் நிழலில் நின்று நிதானமாகச் சாமான் வாங்குகிற வீதியாக நம் வீதியை வைத்துக்கொண்டால், பழைய கட்டடமும் நிற்கும், நம் பிள்ளைகளும் அதே கல்லாவில் உட்காருவார்கள்.