அல்பேனிய வீரப் பதக்கங்கள்

அல்பேனியப் பொதுவுடைமை ஆட்சிக்காலத்து வீரப் பதக்கங்களைத் திரட்டுவோர் முதலில் எழுத்துகளை நோக்குதல் வேண்டும். அல்பேனிய மொழியில் ‘திரிமெரி’ என்றால் வீரம். இச்சொல் பதக்கத்தின் வகையைக் காட்டும். நாட்டின் பெயரோ காலத்தைக் காட்டும். 1946 முதல் வழங்கிய ‘மக்கள் குடியரசு’ என்னும் பெயருடன் 1976இல் ‘சோசலிச’ என்னும் அடைமொழி சேர்ந்தது. எனவே அவ்வடைமொழி பொறித்த பதக்கம் அவ்வாண்டிற்கு முற்பட்டதாகாது.

இத்தாலிய, செருமானியப் படைகளை எதிர்த்த தீரர்களைப் போற்றியது இவ்வாட்சி. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழ்ந்த அந்நாட்டில், 1967இல் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடியதும் இவ்வாட்சியே. பதக்கம் பெற்றோருள் தொழுகையாளரும் இருந்திருப்பர் அன்றோ? ஆதலின் பதக்கத்தைச் சான்றிதழினின்று பிரித்தல் தகாது. பெற்றவர் பெயர் மறைந்தால் அரசின் முத்திரை மட்டுமே எஞ்சும். வீரனின் வரலாறு எஞ்சாது.