பந்தயத்திற்கு லைசென்ஸா?

ஒரே ஆட்டத்தின் வெற்றி தோல்வியின்மீது பணம் கட்டுவதைச் சட்டபூர்வமாக்கி, சர்க்கார் மேற்பார்வையில் நடத்தலாம் என்ற யோசனை நம் நாட்டில் அவ்வப்போது தலையெடுக்கிறது. கிரிக்கெட் பந்தயத்திற்கு அனுமதி அளிக்கலாமென லோதா கமிட்டி 2016 ஜனவரியில் சிபார்சு செய்தது. அடியோடு தடுக்க இயலாதெனில் முறைப்படுத்துவதே வழியென்று சட்டக் கமிஷன் 2018-ல் தனது 276-வது அறிக்கையில் கூறிற்று. பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் பந்தயத்தை மட்டும் ஏற்றிருந்த கனடா தேசம், 2021 ஆகஸ்டில் ஒற்றை ஆட்டப் பந்தயத்தையும் அனுமதித்தது. நமது பார்லிமெண்டோ 2025 ஆகஸ்டில் நேர்மாறான வழியில் சென்று, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றிற்று.

லைசென்ஸ் கோருவோரின் வாதம் அற்பமானதன்று. தடை இருந்தும் பந்தயம் நடக்கிறது. மறைவில் நடப்பதால் ஏமாந்தவன் முறையிட இடமில்லை. வரியும் வருவதில்லை என்கின்றனர். இவை மெய்யே. ஆயினும் அவர்கள் கூறும் பரிகாரம் யாரைக் காக்கும்?

அரியலூர் ஜில்லாவிலுள்ள கீழப்பழுவூரை எடுத்துக்கொள்வோம். ஆலந்துறையார் கோயில் கொண்டுள்ள அவ்வூரில் அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சர்க்கார் மானியம் பெறுவோரும், வருமான வரி வரம்பிற்குள் வராதோரும் பந்தயம் கட்டலாகாது என்பது சட்டக் கமிஷன் கூறிய காப்புகளில் ஒன்று. நல்ல எண்ணமே. ஆனால் லைசென்ஸ் பெற்ற கடை அக்கூலியாளருக்கு அடைபட்டிருக்க, அதன் விளம்பரமோ அவர் கைப்பேசியில் இரவும் பகலும் மின்னும். ஆசையை மூட்டிவிட்டுக் கதவை அடைத்தால் அவர் எங்கே செல்வார்? மறைவில் பந்தயம் பிடிப்பவனிடமே செல்வார். மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குச் செல்லும்.

சர்க்காரே சூதில் பங்காளியானால் விளைவது யாதென்பதைத் தமிழ்நாடு அநுபவித்து அறிந்திருக்கிறது. 1968-ல் நல்ல நோக்கத்துடன் தொடங்கிய பரிசுச் சீட்டு, ஏழைகளின் கூலியைத் தின்றதென்ற கூக்குரலுக்கிடையே 2003-ல் தடை செய்யப்பட்டது. தோற்பவனின் பணத்தில் வருமானம் காணும் பொக்கிஷம், அவன் தோற்பது நிற்கவேண்டுமென்று எங்ஙனம் மனமார விரும்பும்?

ஒற்றை ஆட்டப் பந்தயத்தில் வேறோர் அபாயமும் உண்டு. பல ஆட்டங்களின் முடிவுகளை விலைக்கு வாங்குவது கடினம். ஓர் ஆட்டத்தை வாங்க ஓரிருவர் போதும். பணம் பெற்று ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது, அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவில் அடங்காதென்று 2022-ல் கர்நாடக ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. பந்தயத்திற்கு அனுமதி கோரிய லோதா கமிட்டியே ஆட்டத்தை விற்பது குற்றமாக்கப்பட வேண்டுமென்றும் கோரிற்று. களவுக்குத் தண்டனை வகுக்காமல் கடை திறப்பது எவ்வித நியாயம்?

ஆடுபவனை விட்டு நடத்துபவனுக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கு சரியானதே. ஆனால் ஏட்டில் எழுதிய தடை காவலாகாது. பெருந்தரகர்களைப் பிடிக்க வேண்டும். ஆட்டத்தை விற்பவனைத் தண்டிக்கத் தெளிவான சட்டம் வேண்டும். கடனில் மூழ்கியவனுக்குக் கைகொடுக்கவும் ஏற்பாடு வேண்டும். கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதிற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அவர் வழிவந்த நாட்டில், கூலிக்காரனின் தோல்வியைக் கொண்டு சர்க்கார் கஜானாவை நிரப்ப வேண்டாமென்பதே நமது திடமான அபிப்பிராயம்.